கரியர் வைத்த மலைச் சைக்கிள்

எங்கள் லாகரை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகப் போகிறோம் என்று சொன்ன அன்றே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். லாகர் என்றால் பொருட்களஞ்சியம். டீட்டிகோனில் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தது. பத்தொன்பது வருடமாக அங்கே முதலில் பெட்டி அடுக்கினேன், பிறகு பெட்டி அடுக்குகிறவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தேன். ஷெஃப், எங்கள் முதலாளி, எல்லோருக்கும் ஒரு தாளை நீட்டினார். புது இடத்துக்கு வருகிறவர்கள் ஒரு கட்டத்தில் புள்ளடி போட வேண்டும், வராதவர்கள் மற்றக் கட்டத்தில். எனக்கு முன்னால் நின்ற போர்த்துக்கீசன் யோசித்துச் சொல்கிறேன் என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். ஐம்பத்துநாலு வயதில் யோசிக்க என்ன இருக்கிறது? இந்த வயதில் நான் வேறு வேலைக்கு விண்ணப்பம் போட்டால் மறுப்புக் கடிதம் எழுதக்கூட ஒருவரும் மெனக்கெட மாட்டார்கள். புள்ளடியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் தாளின் அடியில் இருந்ததை வாசித்தேன். புது இடத்தில் வேலை காலை ஐந்தரைக்குத் தொடங்கும். புது ஒப்பந்தம், முதல் மூன்று மாதம் பரீட்சைக் காலம். அதற்குள் அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் போகச் சொல்லலாம்.

முதல் ரயிலைப் பிடித்து, இறங்கி, பஸ் மாறினாலும் ஐந்து ஐம்பதுக்குத்தான் போய்ச் சேரலாம். கைபேசியில் மூன்று நாளாகத் தட்டிப் பார்த்தேன். மூன்று நாளும் அதே ஐந்து ஐம்பது.

வீட்டில் கார் இருக்கிறது. அது என் மனுசியுடையது. அவள் வீடுவீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, உடுப்புப் போட்டுவிடுகிற வேலை செய்கிறாள். காலை ஏழு மணிக்கு முதல் வீடு, அதுவும் நேர் எதிர்த்திசையில். எனக்கு லைசென்ஸ் இல்லை. மூன்று தரம் சோதனைக்குப் போய் மூன்று தரமும் தவறியவன் நான். மூன்றாம் தரம் சோதிக்க வந்தவர் தன் கையாலேயே ஹாண்ட்பிரேக்கை இழுத்தார். அடுத்த வருடம் மனுசி போய் முதல் தரத்திலேயே எடுத்துக்கொண்டு வந்தாள். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தாள். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

"நான் ஐஞ்சு மணிக்கு உங்களைக் கொண்டுபோய் விட்டிட்டு வாறன். பேந்து வந்து வெளிக்கிட்டு என்ர வேலைக்குப் போறன்," என்றாள்.

"உனக்கேன் கரைச்சல்? நான் பாத்துக்கொள்ளுவன்."

கொஞ்சம் கடுப்பாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகு அவள் அந்தக் கதையையே எடுக்கவில்லை.

மலை என்று நான் சொல்கிறேனே தவிர இந்த நாட்டுக்காரர் அதை மலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். காடு மூடிய ஒரு மேடு. எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்குப் பின்னால் காட்டுப்பாதை தொடங்கி, ஏறி, மேலே ஒரு மாட்டுப் பண்ணையைத் தாண்டி, மற்றப் பக்கம் ரொய்ஸ் ஆற்றை நோக்கி இறங்குகிறது. ஒரு சனிக்கிழமை நடந்து பார்த்தேன். ஒன்பது கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. வேர், கல், மழைத்தண்ணீர் அரித்த வாய்க்கால். பாதி ஏற்றத்தில் ஒரு மரக்குற்றியில் குந்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, என்னைவிடப் பத்து வயதாவது மூத்த ஒரு பெண்மணி 'குரூட்சி' என்று வணக்கம் சொல்லிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார். முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை. மின்சார மலைச் சைக்கிள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலிலேயே நானும் ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் ஆட்கள் ஒரு பொருள் வாங்கப் போகிறோம் என்றால் முதலில் கடைக்குப் போவதில்லை, தெரிந்த ஆளிடம் போவோம். எனக்குத் தெரிந்த ஆள், எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பாடகர் குழுவில் பாடுகிற ஒரு மன்னார்க்காரர். என்னைவிட எட்டு வயது இளையவர். கார், காப்புறுதி, கைபேசி, சமையலறை அடுப்பு எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். சில வேளை சரியாகவும் இருக்கும்.

"அண்ணை, உங்களுக்கெண்டே ஒண்டு வைச்சிருக்கிறன்," என்று அவர் தன் பழைய சைக்கிளைக் காட்டினார். நாற்பத்தைந்து கிலோமீற்றர் வேகம் போகிற வகை. பின்னால் மஞ்சள் நம்பர்த் தகடு. விலையும் நல்ல விலை. ஏறி உட்கார்ந்து மணியை அடித்துப் பார்த்த பிறகுதான், இதற்கு லைசென்ஸ் வேண்டும், கார் லைசென்ஸ் இல்லாதவர்கள் எழுத்துச் சோதனை எழுத வேண்டும் என்றார். சோதனை என்ற சொல்லைக் கேட்டதும் நான் இறங்கிவிட்டேன். லைசென்ஸ் இல்லாமல் ஓடக்கூடியது இருபத்தைந்து கிலோமீற்றர் வேகத்தோடு மோட்டர் கையை விடுகிற வகை மட்டும்தான். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் சொந்தக் காலால் போக வேண்டும். எனக்கு அது காணும்.

அடுத்ததாக இணையத்தில் ஒன்று காட்டினார். ஆயிரத்துச் சொச்சப் பிராங்குக்கு வீட்டு வாசலில் கொண்டுவந்து போடுவார்களாம். படத்தில் பனிமலை உச்சியில் நின்றது. நான் அந்த இரவெல்லாம் அதற்குக் கீழே ஆட்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். மோட்டர் பின்சில்லுக்குள் இருக்கிறதாம். தரையில் நன்றாக ஓடுமாம், நீண்ட ஏற்றத்தில் சூடேறி முக்குமாம். பிழைத்துப் போனால் பக்கத்துத் திருத்துமிடக்காரர் கையால் தொடமாட்டார்களாம். எனக்கு முழுப்பாதையும் ஏற்றம் அல்லது இறக்கம், தரை என்று ஒன்று கிடையாது. நடுவழியில் காட்டுக்குள் நின்றுபோனால் மானுக்குத்தான் சொல்லி அழ வேண்டும். 'மலிஞ்சால் சந்தைக்கு வரும்' என்று மன்னார்க்காரருக்குச் சொல்லிவிட்டு, கடைசியில் எல்லோரும் போகிற இடத்துக்கே போனேன். கடைக்கு.

கடையில் ஒரு இளம் பெண் நின்றாள். முழங்காலில் காய்ந்த சேறு. இவள் விற்கிறவள் மட்டுமல்ல, ஓடுகிறவளும்தான் என்று கொஞ்சம் நம்பிக்கை வந்தது. என் பாதையைச் சொன்னேன், தினமும் பதினெட்டுக் கிலோமீற்றர் என்றேன். மோட்டர் நடுவில், பெடலடியில் இருக்க வேண்டும், அப்போதுதான் கியரோடு சேர்ந்து இழுக்கும் என்றாள். பெரிய பற்றரி உங்களுக்குத் தேவையில்லை, வீண் பாரம், வீண் காசு என்றாள். தேவையில்லை என்று சொல்கிற விற்பனையாளரை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு முன்னும் பின்னும் குலுக்கல் தாங்குகிற துள்ளுகம்பி வைத்த ஒன்றில் ஏற்றிவிட்டாள். கடைக்குப் பின்னால் வேர்களும் கல்லும் பதித்து ஒரு சின்னப் பாதை செய்து வைத்திருந்தார்கள். மெத்தையில் போவது மாதிரி இருந்தது. ஓடி முடித்துத் திரும்பி வந்து, பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, "கரியர் எங்கே?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். மலைச் சைக்கிளுக்குக் கரியர் இல்லை என்றாள். இந்த வகையில் பூட்டவும் முடியாது, பின்பகுதி மேலும் கீழும் ஆடும்.

கரியர் இல்லாத சைக்கிளைச் சைக்கிள் என்று என் மனம் ஏற்றுக்கொள்ளாது. இது விளங்கப்படுத்தக்கூடிய விஷயம் இல்லை. எங்கள் ஊரில் அரிசி மூட்டை, காய்ச்சல்காரப் பிள்ளை, தையல் மெசின், மாமியார் எல்லாம் போனது கரியரில்தான். "என்ன ஏற்றப் போகிறீர்கள்?" என்று அவள் கேட்டாள். சோற்றுப்பெட்டி, மழைச்சட்டை, வேலைச் சப்பாத்து என்றேன். அதற்கு முதுகுப்பை போதும் என்றாள். போதாது என்றேன். முதுகுப்பையோடு வேலைக்குப் போனால் வேர்வையில் சட்டை நனையும், சோறு என் சூட்டிலேயே புளித்துப்போகும். கடையில் நின்ற வேறு இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் ஜெர்மன் நன்றாக வரும்.

அப்படித்தான் முன்னால் மட்டும் துள்ளுகம்பி வைத்த, பின்பகுதி ஆடாத ஒன்று என் தலையில் விழுந்தது. விலையிலும் அதுதான் கட்டுப்படியானது. போன வருட மாதிரி, ஒருவரும் விரும்பாத பச்சைக் கீரை நிறம், அதனால் நன்றாகக் குறைத்துப் போட்டிருந்தார்கள். எண்ணெய்ப் பிரேக், ஐந்நூறு வாட்மணிப் பற்றரி, அகலமான ரயர். கரியர் பூட்ட அதில் துளைகளும் இருந்தன. அவள் ஒரு கரியரை எடுத்துவந்து காட்டினாள். அதன் மேலேயே இருபத்தைந்து கிலோ என்று பொறித்திருந்தது. "இதற்கு மேல் ஒரு கிலோவும் வேண்டாம்," என்றாள். ஓம் என்று தலையாட்டினேன். மற்றச் சைக்கிளில் வேர்மேல் ஓடும்போது முதுகு கொஞ்சம் குறைவாக நோகும், ஆனால் இதில் கரியர் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சைக்கிள் கைக்கு வந்தது. திங்கட்கிழமை புது இடத்தில் முதல் நாள். மூளையுள்ள எவனும் சனிக்கிழமை அதைக் காட்டுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பான். நான் அதை விறாந்தையில் சாத்தி வைத்துப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். புது வாகனத்தை மந்திரிக்காமல் ரோட்டில் இறக்குவதில்லை. காரென்றாலும் சரி, பிள்ளை வண்டில் என்றாலும் சரி, சுவாமியார் தீர்த்தம் தெளித்துச் செபம் சொன்ன பிறகுதான் சில்லு உருளும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தமிழ்ப் பூசை இருந்தது. அதுவரைக்கும் பொறுப்போம் என்று இருந்துவிட்டேன்.

"ஒருக்கா ஓடிப் பாருங்கோவன், நாளண்டைக்கு வேலையெல்லே," என்று மனுசி சொன்னாள்.

"மந்திரிக்காமல் எப்பிடி ஓடுறது?"

"அப்ப சரி," என்றாள். சைக்கிளைப் பற்றி அவள் அதுவரை சொன்னது அவ்வளவுதான். நிறத்தைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

பூசை முடிந்ததும் கோயில் கார்த் தரிப்பிடத்தில், காரில் ஏற்றிக்கொண்டு வந்த சைக்கிளுக்குச் சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். கொஞ்சம் என் கண்ணாடியிலும் பட்டது. 'ஆமென்' சொல்லி முடிக்கவில்லை, மன்னார்க்காரர் கைபிடியைப் பிடித்துவிட்டார். புது வாகனம் வாங்கினால் ஆளுக்கொரு சுற்றுக் கொடுக்காமல் இருக்க முடியாது. மறுத்தால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவார்கள். பாடகர் குழு முழுவதும் ஓடியது. சேலை கட்டிய இரண்டு பெண்கள் ஓடினார்கள், நல்ல வடிவாகவும் ஓடினார்கள். சுவாமியாரும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதிச் சுற்று ஓடினார். மோட்டர் இழுக்கிறபோது எல்லோரும் ஒரே மாதிரி 'ஊய்' என்று கத்தினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. லைசென்ஸ் எடுக்கத் தெரியாதவன் வாங்கிய வாகனத்தை ஊரே ஓடிப் பார்க்கிறது என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

பிறகு மன்னார்க்காரர்தான் தொடங்கினார். "அண்ணை, கரியர் சும்மாவோ பூட்டினனீங்கள்? அக்காவை ஏத்துங்கோ!"

எல்லோரும் கைதட்டினார்கள். மனுசி "எனக்கென்ன விசரோ" என்று பின்னால் போனாள். அவள் இந்த நாட்டுக்கு வந்துதான் என்னைக் கல்யாணம் செய்தாள். இருபத்தாறு வருடத்தில் நான் அவளை ஒரு நாளும் சைக்கிளில் ஏற்றியதில்லை, காரில் ஏற்ற எனக்குத் தெரியாது. கைதட்டல் நிற்கவில்லை. அவள் கைப்பையைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தாள், சேலையைச் சேர்த்துப் பிடித்தாள், ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். இருபத்தைந்து கிலோ எனக்கு ஞாபகம் வந்தது. வந்ததை நான் தள்ளிவிட்டேன். ஊரில் கரியரில் எழுதியிருந்ததை யார் வாசித்தார்கள்?

இரண்டு சுற்று ஓடினோம். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் போட்டுச் சிரித்தாள். நானும் மிகச் சந்தோசமாக இருந்தேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்றாம் சுற்றில் நடைபாதை விளிம்பில் பின்சில்லு ஏறி இறங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம். கரியரின் இடப்பக்கக் கால் முறிந்து சில்லுக்குள் போனது. கம்பிகள் தெறித்தன, பிரேக் தட்டு வளைந்தது, மனுசி தார்த் தரையில் விழுந்து கிடந்தாள்.

நான் முதலில் குனிந்தது சில்லைப் பார்க்க. அவளைத் தூக்கி விட்டது மன்னார்க்காரரும் பாடகர் குழுப் பெண் ஒருத்தியும். முழங்கையில் தோல் வழன்று இரத்தம் வந்தது. நான் சில்லைச் சுற்றிப் பார்த்தேன், அது சுற்றவில்லை. நாளைக் காலை ஐந்தரை என் கண் முன்னால் வந்து நின்றது. நிமிர்ந்து, எல்லோரும் கேட்கும்படி சொன்னேன்.

"உன்ர பாரத்துக்குக் கரியர் தாங்குமே? இறங்கவேணும் எண்டு உனக்குத் தெரியாதோ?"

அவள் தன் கைப்பையை வாங்கிக்கொண்டு காரடிக்குப் போனாள்.

பின்னிருக்கையை மடித்து, உடைந்த சைக்கிளைக் காருக்குள் ஏற்றிக்கொண்டு வந்தோம். அவள்தான் ஓட்டினாள். நான் சைக்கிளின் பக்கத்தில், கைபிடி விலாவில் குத்த, ஒடுங்கி இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை திருத்துமிடம் ஒன்றும் திறந்திருக்காது. பின்னாளில் கடைக்காரப் பெண் சில்லும் தட்டும் மாற்றி, எதையும் கேட்காமல், என்னிடம் ஒரு முதுகுப்பையை நீட்டினாள். இப்போது அதைத்தான் போட்டுக்கொண்டு ஓடுகிறேன். சோறு புளிப்பதில்லை. ஆனால் அன்றைக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை. மன்னார்க்காரர் தொலைபேசியில் வந்து தன்னுடைய மஞ்சள் தகட்டுச் சைக்கிளை எடுத்துப்போகச் சொன்னார்.

"ஆர் அண்ணை அந்த நேரம் மறிக்கப் போறாங்கள்?"

வேண்டாம் என்றேன். பரீட்சைக் காலத்தின் முதல் நாளில் பொலிஸில் நின்றுகொண்டு ஷெஃபுக்கு அழைக்க என்னால் முடியாது. நடந்தே போவது என்று முடிவெடுத்தேன். கைபேசியில் மூன்று மணிக்கு அலாரம் வைத்தேன். கைமின்விளக்கைத் தேடி எடுத்து வைத்தேன். மனுசி குசினியில் முழங்கைக்குப் பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கையால் ஒட்ட வரவில்லை. நான் போய் ஒட்டிவிட்டிருக்கலாம். கைமின்விளக்குக்குப் பற்றரி போட்டுக்கொண்டிருந்தேன்.

அலாரம் அடிக்கவில்லை. நாலரை மணிக்கு அவள் தேத்தண்ணியோடு வந்து எழுப்பினாள். துள்ளி எழும்பினேன்.

"நான்தான் நிப்பாட்டினனான்," என்றாள். "அந்த நேரம் காட்டுக்குள்ள ஆர் போறது? முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ. என்ர முதல் வீடு ஏழு மணிக்குத்தானே, விட்டிட்டு வர நேரம் இருக்கு."

கார் மேட்டில் ஏறும்போது கிழக்கு வெளுத்திருந்தது. ஒன்பது கிலோமீற்றருக்கு நான் இரண்டு மாதம் ஆராய்ச்சி செய்தேன். ரோட்டால் பதினாறு நிமிடம். பண்ணையைத் தாண்டியதும் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"நேற்று நான் சொன்னது பிழை," என்றேன்.

"ஓம், பிழைதான்."

"சனத்துக்கு முன்னால சொன்னது அதைவிடப் பிழை."

அவள் கியரை மாற்றினாள். "இருபது வருசமா நான்தான் உங்களை ஏத்திக்கொண்டு திரியிறன். ஆசுப்பத்திரிக்கு, கடைக்கு, கோயிலுக்கு. ஒரு நாளும் பாரம் எண்டு சொன்னனானோ? நீங்கள் ஒரு நாள் ஏத்தினீங்கள், மூண்டாம் சுத்திலயே பாரமாப் போனன்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

புது லாகர் தெரிந்தது. வாசலில் வெளிச்சம் போட்டிருந்தது. வேலைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சிகரெட்டோடு நின்றார்கள், புது மேற்பார்வையாளரும் நின்றார். வாசலுக்கு இருநூறு மீற்றருக்கு முன்னால், லொறிகள் திரும்புகிற இடத்தில், மனுசி காரை ஓரங்கட்டி நிறுத்தினாள். அவளாகத்தான் நிறுத்தினாள்.

"இதில இறங்கி நடவுங்கோ. மனுசி கொண்டந்து விட்டது ஒருத்தருக்கும் தெரியாது."

கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று நான் சொன்னது பொய் என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்திருக்கிறாள். சைக்கிள், மோட்டர், பற்றரி, கரியர் என்று நான் வீடு முழுக்க அளந்துகொண்டு திரிந்தபோதெல்லாம், அவள் காரில் போய் இறங்காமல் தப்பத்தான் இவ்வளவும் என்று தெரிந்தும் பேசாமல் இருந்திருக்கிறாள். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"வாசலடிக்கு விடு," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"வாசலடிக்கு. எல்லாரும் நிக்கிற இடத்துக்கு."

கொண்டுபோய் நிறுத்தினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து பதினெட்டு. நான் இறங்கி, காரைச் சுற்றிப் போய், அவள் பக்கத்துக் கண்ணாடியடியில் குனிந்தேன். மேற்பார்வையாளர் கிட்ட வந்து நின்றார்.

"நாளைக்கும் கொண்டந்து விடுவியோ?" என்று கேட்டேன். இருபத்தாறு வருடத்தில் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மற்றதெல்லாம் கேளாமலே நடந்தது.

"ஓம்," என்றாள். "எத்தினை மணிக்கு எண்டு மட்டும் சொல்லுங்கோ."